எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் உணவும் பானமும்

மிகுந்த உடற்பருமனைக் குறைக்கச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளுள் ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீக்கப்படுகிறது. எஞ்சுவது குறுகிய குழாய் போன்ற பையே. ஆகவே, உண்ணும் முறையும் மாறவேண்டும். முதலில் திரவ உணவு, பின்னர் மசித்த உணவு எனத் தொடங்கி, சில வாரங்களில் திட உணவுக்கு வரலாம். முட்டை, பருப்பு முதலிய புரத உணவை முதலில், சிறு கவளங்களாக மென்று உண்ணவேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. உண்டபின் 30 நிமிடம் கழித்தே சிறிது சிறிதாக அருந்தவேண்டும். மருத்துவர் குறிக்கும் வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை.

இடைவிடாத வாந்தியை எளிதாக எண்ணலாகாது. அதனால் தயாமின் சத்துக் குன்றி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை தோன்றலாம். தாமதித்தால் மூளைக்கு நிலையான கேடு நேரலாம். அத்தகையோரைக் களப்பணியாளர் உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.