பாய்லர் பட்டறையில் பிறந்த ஸ்கேன்

கேள்வி: பாய்லர் வெல்டிங்கில் விரிசல் பார்க்கும் கருவியும், என் மனைவிக்கு ஐந்தாம் மாதத்தில் எடுத்த ஸ்கேனும் ஒரே வம்சம் என்கிறார் என் மாமனார். பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கிண்டல் செய்கிறாரா?
– வாசகர், திருவெறும்பூர்

பதில்: மாமனார் சொல்வது சரி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தபோதே ராடார், சோனார் மீது அவருக்கு ஒரு கண். நீர்மூழ்கியைக் காட்டிக்கொடுக்கும் ஒலி வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டாதா என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

1955 ஜூலையில், அறுவை செய்து எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்று தயாராக இருந்ததாம்! உலோக விரிசலைத் தேடும் கருவியை ஒவ்வொன்றின் மேலும் வைத்தார்கள். நீர்க்கட்டி ஒரு விதமாக எதிரொலித்தது, தசைக்கட்டி வேறு விதமாக.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் வந்து சேர்ந்தார். கருவியை மனித உடம்புக்கு ஏற்றதாக்கியது அவர் கைதான். டொனால்டைத் தெரிந்த அளவுக்குப் பிரவுனை யாருக்கும் தெரியாதது நியாயமே இல்லை. இதற்கிடையே, அறுவைக்கு அப்பாற்பட்ட வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருப்பது வெறும் நீர்க்கட்டி என்று கருவி காட்டியது. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு கருவியை யாரும் கேலி செய்யவில்லை. 1958 ஜூனில் லான்செட் இதழில் வந்த கட்டுரையில் கருவிலிருக்கும் சிசுவின் தலை தெரிந்தது.

வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே. காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை அளப்பது. இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே நுழையாது. வயிற்றில் ஜெல் தடவுவது அதனால்தான். மாமனாரைக் கேளுங்கள், வெல்டிங்கிலும் ஏதாவது தடவியிருப்பார்.

கேள்வி: ஆரம்ப மாத ஸ்கேனுக்குப் போனால் சிறுநீரை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்களே?
– வாசகி, கரூர்

பதில்: இதுவும் டொனால்ட் கண்ட உபாயம். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்றடைத்த குடலை ஒதுக்கிவிட்டு, கர்ப்பப்பையைப் பார்க்க நீராலான ஜன்னலாகிவிடும். 1973-ல் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன், சிசுவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரை அளந்து கர்ப்பத்தின் வயதைச் சில நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம் என்று காட்டினார். கடைசி மாதவிடாய்த் தேதி மறந்துபோனவர்களுக்கு இன்றும் இதுதான் கை கொடுக்கிறது.

கேள்வி: ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும்?
– வாசகர், சேலம்

பதில்: பெண் பிள்ளைகள் குறைந்துபோவார்கள். இந்தியாவில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2001-ல் 927. சொல்வதைத் தடுக்க 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டுப் போகிறவருக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. கேட்காதீர்கள்.