கருவியும் கவனயீனமும்

கருவி என்னுஞ் சொல்லைத் தமிழர் பரந்த பொருளில் வழங்கினர். மண்வெட்டியும் கருவி; யாழும் கருவி; கண், செவி முதலிய பொறிகளும் கருவி. ஒரு வினையை முடித்தற்குத் துணையாவன யாவும் அச்சொல்லுள் அடங்கும். மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் ஒன்றாக இலக்கண நூலார் கருவியைக் கூறுதலும், ‘வாளால் வெட்டினான்’ என்பதனை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருதலும் வகுப்பில் இலக்கணம் பயின்றார் அனைவரும் அறிந்தனவே. எனினும், அவ்வாள் பிடித்தற்கு வாகானதா, அதன் பிடி வியர்த்த கையில் வழுக்குமா, வெட்டினான் தன் விரலையும் உடன் வெட்டிக்கொண்டானா என ஒருவரும் வினவியதில்லை. அவ்வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

தமிழாசிரியன் ஒருவனுக்குச் செம்பிலும் விளக்கிலும் என்ன வேலை எனச் சிலர் எண்ணக்கூடும். கிழக்கிலங்கை ஈன்ற விபுலானந்த அடிகளார் 1947 இல் அரங்கேற்றிய யாழ் நூல், வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியை அதன் உறுப்புக்களும் நரம்புகளும் உட்படக் கணக்கிட்டு ஆராய்ந்த நூலேயாகும். ஆதலால் இலக்கியங் கற்றார் கருவியை ஆராய்தல் நமக்குப் புதிதன்று. அடிகளார் யாழை ஆராய்ந்தார். நாம் அடுக்களையோடு அமைவோம்.

மேலே ‘வாகு’ என்றொரு சொல்லை ஆண்டோம். அது நம் வீடுகளில் நாடோறும் வழங்குவது. ‘வாகாய்ப் பிடி’ என்கிறாள் தாய். ‘இந்தப் பிடி கைக்கு வாகில்லை’ என்கிறான் தச்சன். ஒரு பொருள் அழகியதா, உறுதியானதா, மலிவானதா என்னும் வினாக்களின் வேறாக, அஃது ஆள்வோனின் உடம்புக்கும் வழக்கத்துக்கும் இசைந்ததா என்னும் வினாவும் ஒன்று உண்டு. அதனைக் கேட்பதற்கு நம்மிடம் உள்ள சொல் வாகு. மேனாட்டார் இதனைத் தனியொரு கலையாக வகுத்து நூல்கள் பல எழுதியுள்ளனர். நம்முடைய முன்னோர் நூல் எழுதிற்றிலர், பெயர் இட்டனர். குடத்துக்குக் கழுத்து, செம்புக்கு வாய், பேணிக்கு மூக்கு, ஊசிக்குக் காது, சீப்புக்குப் பல், கதிரைக்குக் கால் என மனித உறுப்புக்களின் பெயர்களையே பொருள்களுக்கும் வைத்த சமுதாயம், பொருளை உடம்போடு சேர்த்து எண்ணிய சமுதாயமாகத்தான் இருத்தல் வேண்டும்.

செம்பையே நோக்குவோம். அதன் வயிறு அகன்றது. ஆதலின் நீர் நிறைந்த பொழுது எளிதில் சாயாது. கழுத்துச் சுருங்கியது, ஆதலின் விரல்கள் அங்கே பொருந்திக் கொள்ளும். விளிம்பு வெளிப்புறம் விரிந்தது. ஆதலின் கை நனைந்திருப்பினும் செம்பு நழுவாது விளிம்பிலே தடைப்படும். வார்க்கும் நீரும் பக்கத்தால் வழியாது ஒழுங்காக விழும். வாயோ உள்ளே கையை விட்டுத் துலக்குதற்குப் போதிய அகலமுடையது. இத்துணையும் சேர்ந்து ஒன்றையொன்று கெடாமல் நிற்றல் எளிய காரியமன்று. கதிரை முதலிய தளபாடங்களை வடிவமைத்துப் புகழ்பெற்ற சாள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர், இந்திய அரசின் அழைப்பை ஏற்று ஆராய்ந்து 1958 இல் ஓர் அறிக்கை அளித்தனர். நாடு முழுவதும் தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் வியந்து போற்றியது இச்செம்பையே. கையின் அளவு, இடுப்பிலும் தலையிலும் சுமக்கும் முறை, நிறைந்த பொழுதும் வெறிதான பொழுதும் அதன் நிறை நிற்கும் இடம், தட்டினால் எழும் ஒலி என எத்தனையோ நோக்கங்கள் அவ்வொரு வடிவில் தீர்வு பெற்றிருத்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர். அதனைத் தனியொருவர் ஆக்கவில்லை, பல தலைமுறையினர் சிறிது சிறிதாகத் திருத்தினர் என்பதும் அவர்தம் கருத்து. அவ்வறிக்கையின் பயனாக 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. நம் வீட்டு மூலையிற் கிடந்த செம்பின் பெருமையை அமெரிக்கர் வந்து சொல்லவேண்டியிருந்தது என்பது வேறு விடயம்.

இனி, இந்நாட்டுத் தமிழருக்கே உரிய மூக்குப்பேணி. உதடு படாமல் அண்ணாந்து பருகுதற்கென்றே மூக்கு வைத்த பாத்திரம் அது. பலர் கூடும் இடத்தில் ஒரு பேணியே பலருக்கு உதவும், எச்சில் படாது. சிந்தாமல் சிறு தாரையாக விழுமாறு மூக்கின் துளை அளவுபட்டிருக்கும். ஆயினும் முன்னோர் செய்தன எல்லாம் குறையற்றன என்பார் கட்சியில் நாம் சேரவில்லை. அம்மூக்கின் உட்புறத்தைத் துலக்குதல் பெரும் பாடு, விரல் செல்லாது, களிம்பும் பாலாடையும் அங்கேயே தங்கும். அதனினும் பெரிய குறையொன்று பேணியில் இல்லை, பேணி வைத்திருந்தோரிடம் இருந்தது. சிலருக்கு மூக்குப்பேணியும் வேறு சிலருக்குச் சிரட்டையும் நீட்டிய வீடுகள் இந்நாட்டில் இருந்தன. யாருக்காகச் செய்யப்பட்டது, யாரை விலக்கிச் செய்யப்பட்டது என்பதும் ஒரு பொருளின் வாகை அளக்குமிடத்துக் கேட்கவேண்டிய கேள்வியே.

அக்கேள்வியை நேரே எதிர்கொண்ட ஒரு பொருளை இங்குக் கூறுதல் பொருந்தும். மேனாட்டு முறையிற் செய்த செயற்கைக் கால் சப்பாத்து அணிந்து நடப்போருக்கென அமைந்தது. சப்பாத்தின்றி அதனால் நடத்தல் அரிது. குந்தியிருத்தலும் சம்மணமிடுதலும் இயலா. வயற் சேற்றில் இறங்கவும் முடியாது. கோயில் வாயிலில் பாதரட்சையைக் கழற்றிவைக்கும் நாட்டில் அக்கால் அணிந்தவன் என் செய்வான்? கால் கொடுத்தும் அவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய கால் அது. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் இராமசந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பிரமோத் கரண் சேத்தி என்னும் எலும்பு வைத்திய நிபுணரும் 1968 இல் இறப்பராற் செய்த ‘ஜெய்ப்பூர்க் கால்’ இக்குறைகளை நீக்கிற்று. அது பாதத்தின் வடிவும் தோலின் நிறமும் உடையது, பல திசையில் வளைவது, நீர்பட்டாற் கெடாதது. சேத்திக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது. இலங்கையிற் போரினாற் காலிழந்தோர் பலரும் இத்தகைய காலைப் பூண்டே மீண்டும் வயலுக்கும் தொழிலுக்கும் சென்றனர். சர்மா பள்ளிப்படிப்பு மிகுதியாகப் பெற்றவரல்லர் என்பர். நோயாளி வீட்டில் எவ்வாறு இருப்பான், எழுவான் என்பதை அவர் கண்டிருந்தார். சப்பாத்துக் காலைச் செய்தோர் காணவில்லை.

வாகற்ற பொருள்களைத் தேட நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கண்ணாடிக் கதவுகள் சிலவற்றில் இருபுறமும் ஒரே வகைக் கைப்பிடி இருக்கும். கைப்பிடியைக் கண்டால் இழுப்பது மனித இயல்பு. கதவோ ஒரு புறத்தில் தள்ளினாற்றான் திறக்கும். அதனால் ‘தள்ளுக’ என மும்மொழியிலும் எழுதி ஒட்டுகின்றனர், படித்தவரும் இழுக்கின்றனர். தள்ளவேண்டிய புறத்தில் பிடியை நீக்கி ஒரு தட்டையான தகட்டைப் பதித்திருந்தால் எழுத்தறியாச் சிறுவனும் தள்ளியிருப்பான். திறப்பதற்கு வாசிப்புப் பயிற்சி வேண்டும் கதவு என்ன கதவு! நான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் மின்னாளிகள் எட்டு ஒரே வரிசையில் இருந்தன. மின்விசிறிகளும் விளக்குகளும் கூரையில் இரு வரிசையில் இருந்தன. எந்த ஆளி எதற்குரியது என்பதை அறிந்தவர் காவலாளி ஒருவரே. அவர் விடுமுறையில் நின்ற நாளிற் பரிசளிப்பு விழா நடந்தது; பிரதம விருந்தினர் பேச எழுந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் விசிறியை நிறுத்த எண்ணி விளக்கை அணைத்தார். ஆளிகளையும் கூரையில் உள்ள ஒழுங்கிலேயே இரு வரிசையாகப் பதித்திருப்பின் எவரிடமும் கேட்கவேண்டியிருந்திராது.

இவற்றுள் நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கதவை இழுத்தவர் நாணுகின்றார். ஆளியை மாற்றி அழுத்தியவர் மன்னிப்புக் கேட்கின்றார். கதவையும் ஆளியையும் அமைத்தவரை ஒருவரும் நினைப்பதில்லை. டொனால்ட் நோர்மன் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1988 இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வழக்கத்தைக் கண்டித்து, பலரும் ஒரே பிழையை மீண்டும் மீண்டும் செய்வாராயின் பிழையை அவரிடத்துத் தேடாது பொருளின் அமைப்பிலே தேடுதல் வேண்டும் என வற்புறுத்தினார். நாமோ எல்லாவற்றுக்கும் ‘கவனயீனம்’ என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வழக்கை முடித்துவிடுகின்றோம். கதவின் முன் நாணுவதோடு போனால் நன்று. அச்சொல் உயிரைக் கொண்டுபோன இடமும் உண்டு.

குப்பிவிளக்கை நம்மவர்க்கு வருணித்தல் வேண்டா. வெற்று மருந்துப் போத்தலையோ சோடாப் போத்தலையோ எடுத்து, மண்ணெண்ணெய் நிரப்பி, தகரக் குழலிற் செருகிய துணித்திரியை அதன் வாயில் வைத்தால் விளக்கு ஆயிற்று. செலவில்லை, எவரும் செய்யலாம். மின்னொளி எட்டாத வீடுகளில் அதுவே கதி. போர்க்காலத்திற் படுவான்கரையில் எத்தனையோ ஊர்கள் அதனை நம்பியே இரவைக் கழித்தன. இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் விளங்கும் பழைய மாணவருட் சிலர் தம் பரீட்சைப் பாடங்களை அவ்வொளியிற் படித்தவர்களே. அக்காலத்து மாணாக்கர் கொப்பிகளில் புகைக்கரி படிந்த விரலடையாளம் இல்லாத பக்கம் அரிது.

ஆனால் அமைப்பை நோக்குக. போத்தல் நெடியது, அடி குறுகியது, சிறு தட்டில் விழும். உருண்டை வடிவினது, விழுந்தால் உருளும். திரிக்குழல் வாயிற் சும்மா இருப்பது. உருண்டவுடன் கழன்று விழும். கழன்றதும் எண்ணெய் கொட்டும். அருகிலே எரியும் திரி கிடக்கும். பாயிற் படுத்திருக்கும் பிள்ளை, நுளம்புவலை, கிடுகு வேலி, பெண்களின் மெல்லிய உடை என எல்லாம் எரிதற்கு ஆயத்தமாகச் சூழ்ந்திருக்கும். பாலுக்கு அழும் குழந்தையை நோக்கி இருளில் எழுந்த தாயின் சேலைத் தலைப்புத் தட்டியதற்குப் பெயர் கவனயீனமா? இரவு முழுவதும் தவறாதிருக்கும் கவனம் மனிதருக்கு இல்லை. அஃது இருந்தாற்றான் தீங்கில்லை என்னும்படி ஒரு விளக்கைச் செய்தல் எவ்வகையில் நேர்மை?

இதனைச் சிந்தித்தவர் விஜய கொடக்கும்புர என்னும் இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர். எரிகாயத்தோடு வந்தோருக்குச் சிகிச்சை அளித்து வந்த அவர், சிகிச்சையோடு நில்லாது விளக்கையே மாற்ற முனைந்தார். கட்டையாகவும் கனமாகவும் இருந்த மாமைற் போத்தலே அவருக்கு வழிகாட்டிற்று. 1990களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய ‘சுதீப’ விளக்கு உயரங் குறைந்தது, கண்ணாடி தடித்தது, ஆதலின் எளிதிற் கவிழாது. இரு பக்கங்கள் தட்டையானவை. ஆதலின் கவிழ்ந்தாலும் உருளாது. மூடி திருகாணியுடைய உலோக மூடி. ஆதலின் சாய்ந்து கிடப்பினும் எண்ணெய் கொட்டாது. மூன்றே மாற்றங்கள். பயன்படுத்துவோன் புதிதாகக் கற்கவேண்டியது யாதும் இல்லை. முன்போலவே திரியைக் கொளுத்தினாற் போதும். விலையும் ஏழைகளுக்கு எட்டுவது. 1998 இல் இப்பணிக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. விளக்குகள் இலட்சக்கணக்கில் நாடெங்கும் சென்றன. எரிகாயம் பட்டோரைப் பார்த்து ‘இனியாவது கவனமாக இரு’ என்று கூறி அனுப்புதல் எந்த வைத்தியருக்கும் எளிது. அவ்வார்த்தையை அவர் போதுமென்று கொள்ளாமையே இவ்விளக்கின் தோற்றுவாய்.

1990களின் முற்பகுதியில் எண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய யாழ்ப்பாணத்தில் வேறொரு விளக்கு எழுந்தது. ஜாம் போத்தலின் உள்ளே சிறிது பஞ்சை இட்டு, அதிற் சிறிதளவு மண்ணெண்ணெயை ஊறவைத்து, மெல்லிய திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிட்டனர். சில துளி எண்ணெயில் ஒரு மாலைப்பொழுது படிக்கலாம். அங்கே நோக்கம் சிக்கனம். எனினும் கொட்டுதற்கு எண்ணெய் மிகுதியாக இல்லாமையால் ஓரளவு காப்பும் தானே வந்தது. அதனைச் செய்தோர் எவரும் விருது பெறவில்லை; பெயரும் எஞ்சவில்லை. செம்பின் வரலாறும் இவ்வாறே தொடங்கியிருக்கும்.

மின்சாரம் வந்தபின் இவை பழங்கதை என எண்ணியிருந்தோம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாடு இருளிற் கிடந்தபோது, பரணில் இருந்தவை மீண்டும் இறங்கின. அவ்வேளையில் வீடுகள் எத்தனையில் திருகுமூடி இருந்தது, எத்தனையில் துணித்திரி செருகிய மருந்துப் போத்தல் இருந்தது என்பதை எண்ணிப்பார்க்க.

மாணாக்கர் வீட்டிற் செய்துபார்க்கத் தக்க பரீட்சை ஒன்றைக் கூறுவோம். அடி ஆறு சென்ரிமீற்றர் அகலமும், நிறை நிற்கும் இடம் தரையினின்று பத்துச் சென்ரிமீற்றர் உயரமும் உடைய போத்தல் ஏறத்தாழ 17 பாகை சாய்ந்ததும் விழும். அடி ஏழு சென்ரிமீற்றர் அகலமும், நிறை நிற்கும் இடம் மூன்று சென்ரிமீற்றர் உயரமும் உடைய குட்டைப் போத்தல் 49 பாகை வரை சாய்ந்தும் மீளும். நெடிய போத்தல் ஒன்றையும் கட்டையான போத்தல் ஒன்றையும் எடுத்து, அரைப்பங்கு நிரப்பி, ஒரு பலகையில் வைத்து, பலகையை மெல்ல உயர்த்துக. போத்தல் வழுக்காதிருக்கப் பலகையில் மெல்லிய சட்டம் ஒன்றை அறைதல் வேண்டும். எது எப்பாகையில் விழுகிறது, விழுந்தது எவ்வளவு தூரம் உருள்கிறது, மூடி திருகியதாயின் எத்துணை சிந்துகிறது, சும்மா செருகியதாயின் எத்துணை சிந்துகிறது என்பவற்றைக் கொப்பியிற் குறித்துக்கொள்க. நிரப்புவது நீராக இருக்கட்டும், மண்ணெண்ணெய் வேண்டா.