கண்ணால் ஆற்றின் நலம் அறிதல்

வைத்தியன் நோயாளியிடம் சென்றவுடன் முதற்கண் செய்வது மருந்துப் பெட்டியைத் திறப்பதன்று. அவன் முகத்தையும் நாவையும் கண்ணையும் உற்று நோக்குவதேயாம். ஆற்றின் நலத்தை ஆராய விழையும் மாணாக்கனுக்கும் இதுவே முதற்படி. சோதனைச்சாலைக் கருவிகள் இல்லாதவிடத்தும், பழகிய கண் பல உண்மைகளை உணர்த்தும். அம்முறை யாது, அதன் எல்லை யாது என்பவற்றை நமது தாமிரபரணியை உதாரணமாகக் கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் இவ்வாறு, வயல்களுக்கு மட்டுமன்றித் திருநெல்வேலி, தூத்துக்குடி நகர மக்களுக்கும் குடிநீர் தருவது. ஆதலின் இதன் நலமும் நம் நலமும் வேறல்ல.

ஆராய்வோன் முதலில் இரண்டு இடங்களைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஊர்க் கழிவு கலக்குமுன் ஓரிடம். கலந்த பின் ஓரிடம். நெல்லையில் குறுக்குத்துறையை ஒன்றாகவும், 1843-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து நீர் செல்லும் ஓரிடத்தை மற்றொன்றாகவும் கொள்ளலாம். ஓரிடத்தை ஒருமுறை கண்டு கூறுவது தீர்ப்பன்று. ஈரிடங்களை ஒப்பிட்டும், மாதந்தோறும் அவ்வவ்விடத்திற்கே மீண்டும் சென்று கண்டும் எழுதுவதே ஆராய்ச்சியாம். ஆனால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் இறங்கலாகாது. எக்காலத்தும் தனியே செல்லலாகாது.

இனி நீரை நோக்குவாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீர் செந்நிறமாயிருத்தல் மழையால் வந்த மண்ணின் விளைவு; அது நோயன்று. மழையற்ற நாளில் ஓரிடத்தில் மட்டும் நீர் கலங்கியோ கருத்தோ இருப்பின், காரணம் தேடுக. கோடையில் தேங்கிய நீர் பச்சைநிறம் பூணுதல், கழிவாலும் உரத்தாலும் பாசிக்கு மிகுந்த உணவு கிடைப்பதைக் குறிக்கும். நீரின்மேல் வானவில் நிறமுள்ள படலம் கண்டால் ஒரு குச்சியாற் கலைத்துப் பார்க்க. துண்டு துண்டாக உடையுமாயின் அது இரும்புச் சத்தில் வாழும் நுண்ணுயிர்களால் ஆயது. உடனே ஒன்றுகூடுமாயின் அது எண்ணெய்.

அடுத்துக் கரையை நோக்குக. மருத மரங்கள் வேர்விட்ட கரை எளிதில் இடியாது. அவற்றின் நிழலோ நீரைக் குளிரச்செய்யும். இதனாற் பயன் என்னையெனின், 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தன்னிடம் கொள்ளும். 30 பாகையிலோ சுமார் 7½ மில்லிகிராமே கொள்ளும். நிழல் போயின் மீனின் மூச்சும் குறையும். மணல் அள்ளிய பள்ளங்கள், துறைகளில் விடப்பட்ட துணிகள், அமலை எனப்படும் ஆகாயத்தாமரையின் பரவல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்க.

இவற்றினும் சிறந்த சாட்சிகள் கற்களின் அடியில் உள்ளன. ஆழமற்ற, ஓடும் நீரில் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பார்க்க. வாலில் மூன்று இழைகளும் வயிற்றின் இருமருங்கும் மெல்லிய செவுள்களும் உடைய சிறு பூச்சிகளும், மணற்றுகளால் தமக்குக் கூடு கட்டும் புழுக்களும் பல இருப்பின் மகிழ்க. அவற்றுட் பெரும்பாலன பிராணவாயு குறைந்த நீரில் வாழமாட்டா. சேற்றில் செந்நிறப் புழுக்கள் மட்டும் மலிந்திருப்பின், அவ்விடம் கழிவால் நலிந்தது என்று ஐயுறலாம். அவற்றுடம்பின் செந்நிறப் பொருள், குறைந்த பிராணவாயுவையும் பற்றிக்கொள்ள உதவுவது. நாம் கண்ட கணத்து நீரை மட்டும் நம் கண் அறியும்; இவ்வுயிர்களோ பல வாரங்களாக அங்கு ஓடிய நீருக்குச் சாட்சி பகரும். கண்டபின் கல்லை முன்போலவே வைத்தல் கடமை.

கண்டவற்றை எண்ணாற் குறித்தலும் உண்டு. ஐக்கிய அமெரிக்க நாட்டு விவசாய இலாகா 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில் 15 அம்சங்கள் கூறப்பட்டன. பொருந்துவன ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 10 வரை எண் இட்டுச் சராசரி காண்பர். அது 6-க்கு உட்படின் நலிந்த ஓடை என்பர். அது அந்நாட்டு ஓடைகளுக்கென வகுத்ததாகலின், அவ்வெல்லைகளை அப்படியே நம் ஆற்றுக்குப் பொருத்தாது, ஒரே அளவுகோலால் பலமுறை அளக்கும் ஒழுங்கை நாம் மேற்கொள்ளலாம். 2023 டிசம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளம் கரைகளையே மாற்றிவிடும். அதற்கு முன்னும் பின்னும் எழுதிய குறிப்புகளை ஒப்பிடுங்கால் இதனை மறவற்க.

இம்முறையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் காலரா பரவியபொழுது, தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டி, பிராட் தெருக் குழாய் நீரின் சுவையை விரும்பி வண்டியிற் தருவித்துப் பருகி, அந்நோயால் மாண்டதை டாக்டர் ஜான் ஸ்நோ கண்டறிந்தார். நோய்க்கிருமி கண்ணுக்கும் புலப்படாது, நாவுக்கும் புலப்படாது. ஆகவே, கண் ஓர் ஆற்றைக் குற்றமுடையது என்று சுட்டவல்லது; குற்றமற்றது என்று விடுதலை செய்யவல்லதன்று. குடித்தற்குரியதா என்பதைச் சோதனைச்சாலையே கூறவேண்டும். எங்கே, எப்பொழுது சோதிக்கவேண்டும் என்பதைக் கண் கூறும்.

மாணாக்கரே, ஒரு குறிப்பேடும், மாதம் ஒரு காலைப்பொழுதும் இதற்குப் போதும். ஓராண்டுக் குறிப்பு ஒரு மாணாக்கன் அறிவை வளர்க்கும். ஒரு வகுப்பார் விட்டுச்சென்றதை அடுத்த வகுப்பார் தொடர்ந்து எழுதிவரின், ஆறு எங்கே, எக்காலத்தில் நலியத் தொடங்கிற்று என்று கேட்போர்க்கு நாளும் இடமும் குறித்து விடையளிக்க இயலும்.