பனிமலையில் பறக்கும் சிவிங்கி

நுழையும்முன்

போர்க்கருவிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் அழிக்கும் ஆற்றலைக் கொண்டே அளக்கிறோம். பார்த்து வந்து சொல்வதையே முதற்பணியாகக் கொண்டு உருவான ஊர்தியும் உண்டு. வேவு உலங்கூர்தி எனப்படும் அச்சிற்றூர்தி இந்தியாவின் பனிமலைகளுக்கு வந்த கதையை இப்பாடம் கூறுகிறது.

சோமனூரிலும் மங்கலத்திலும் விசைத்தறிகள் ஓடும் தெருக்களில் நடப்போருக்கு அருகில் வருபவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த ஓசையையும் மீறி நம் தலையை நிமிரச் செய்வது சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் உலங்கூர்தியின் படபடப்பு. ஹெலிகாப்டரைத்தான் உலங்கூர்தி என்கிறோம். மயிலைக் குறிக்கும் 'சாரங்' என்னும் பெயர் தாங்கிய சாகசக்குழு சூலூரையே தளமாகக் கொண்டது. அக்குழுவின் 'துருவ்' உலங்கூர்திகளுக்கு முன்னோடியாக இந்திய வானில் பறந்தவை அளவில் சிறியவை. கண்ணாடிக் குமிழ் போன்ற முகமும் கம்பிக்கூடு போன்ற வாலும் உடையவை. அவற்றின் பெயர் 'சீட்டா'. தமிழில் சிவிங்கி எனலாம்.

வேவும் வானும்

பகைவர் நிலையை மறைந்திருந்து அறிந்துவருவது பழந்தமிழர் போர்முறையில் தனித்துறையாகவே இருந்தது. தொல்காப்பியம் வெட்சித்திணையின் துறைகளுள் 'வேய்' என்பதையும் வைத்துள்ளது. நாம் வழங்கும் 'வேவு' அச்சொல்லின் உறவே. வள்ளுவர் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார்.

பீரங்கிகள் வந்தபின் வேவுக்குப் புதியதொரு தேவை பிறந்தது. குன்றுக்கு அப்பாலுள்ள இலக்கைப் பீரங்கி வீரரால் காண இயலாது. குண்டு எங்கே விழுந்தது, இன்னும் எவ்வளவு வலப்புறம் நகர்த்த வேண்டும் என்று உயரத்திலிருந்து வானொலிவழி ஒருவர் சொல்ல வேண்டும. இப்பணிக்குப் பீரங்கிப்படை அலுவலர்களே விமானம் ஓட்டப் பயின்றனர். இந்தியாவில் முதலில் 'ஆஸ்டர்' என்னும் சிறுவிமானமும், பின்னர் உள்நாட்டிலேயே உருவான 'கிருஷக்' விமானமும் இதற்குப் பயன்பட்டன. உழவர் என்று பொருள்படும் பெயர் போர்க்களத்து விமானத்துக்கு வாய்த்தது ஒரு விந்தையே! ஆயினும், எவ்வளவு சிறிய விமானத்துக்கும் ஓடுதளம் வேண்டும். மலை முகட்டில் அதற்கு எங்கே போவது?

ஓடுதளம் வேண்டாத உலங்கூர்தி இரண்டாம் உலகப்போரின்போதே இந்திய மண்ணுக்கு வந்துவிட்டது. 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து சென்ற அமெரிக்கரின் சிக்கோர்ஸ்கி உலங்கூர்தி, பர்மாக் காட்டில் பகைவர் எல்லைக்குள் சிக்கிய நால்வரை மீட்டது. நால்வரையும் ஒருசேர ஏற்ற அதன் பிஸ்டன் எந்திரத்துக்கு வலிமையில்லை. வெப்பக்காற்றில் ஒவ்வொருவராகவே தூக்கிவர முடிந்தது.

எடையும் காற்றும்

உலங்கூர்தியின் சுழலி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதாலேயே ஊர்தி மேலெழுகிறது. தள்ளுவதற்குப் போதிய காற்று வேண்டும். வெப்பம் மிகுந்தால் காற்று நெகிழ்கிறது. உயரம் கூடினாலும் அப்படியே. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடும். அங்கே சுழலியின் பிடிமானம் தளர்வதோடு, எந்திரமும் மூச்சுத் திணறும். ஆகவே மலையில் பறக்கும் ஊர்திக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என 'ஜி.எஸ்.எம்.' பார்த்தே நூல் வாங்கும் திருப்பூர் மக்களுக்கு இக்கணக்கின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

திருப்புமுனை பிரான்சிலிருந்து வந்தது. 1955இல் பறந்த 'அலுவெத் 2', எடை குறைந்த டர்பைன் எந்திரத்தைக் கொண்டிருந்தது. அடுத்து வந்த, சற்றே பெரிய 'அலுவெத் 3' உலங்கூர்தியை உரிமம் பெற்றுப் பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 'சேத்தக்' என்னும் பெயரில் கட்டியது. இராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் அது.

சீன எல்லையில் 1962இல் கண்ட துயரத்துக்குப்பின், இன்னும் உயரே செல்லும் உலங்கூர்தி இந்தியாவுக்குத் தேவைப்பட்டது. அத்தேவையை முன்வைத்தே பிரெஞ்சுப் பொறியாளர்கள் புதியதொன்றை வடிவமைத்தனர். அவர்கள் செய்த வழி எளியது, ஆனால் கூர்மையானது. அலுவெத் 2இன் இலேசான உடற்கூட்டில் அலுவெத் 3இன் வலிய எந்திரத்தையும் சுழலியையும் பொருத்தினர். ஊர்தியின் வெற்று எடை 1,021 கிலோ மட்டுமே. 870 குதிரைத்திறன் தரவல்ல எந்திரத்தை 550 அளவுக்குள் கட்டுப்படுத்தி வைத்தனர். வீண்செயலாகத் தோன்றும் இதில்தான் நுட்பம் இருக்கிறது. உயரே செல்லச்செல்ல எந்திரத்தின் ஆற்றல் குறையும். சேமித்து வைத்த எஞ்சிய திறன் அப்போது கைகொடுக்கும்.

'லாமா' எனப் பெயரிடப்பட்ட அவ்வூர்தி 1969 மார்ச் 17இல் முதன்முதலாகப் பறந்தது. அதனை இந்தியாவில் கட்டுவதற்கான உடன்பாடு அடுத்த ஆண்டில் ஏற்பட்டது, 'சீட்டா' பிறந்தது.

தெரிந்து தெளிவோம்
1972 சூன் 21இல் ழான் புலே என்னும் விமானி லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குச் செலுத்திச் சாதனை படைத்தார். இறங்கத் தொடங்கியபோது எந்திரம் அணைந்துவிட்டது. கீழிருந்து மோதும் காற்றாலேயே சுழலி சுழல, எந்திரமின்றியே அவர் தரையிறங்கினார்.

சியாச்சினில்

1984 ஏப்ரல் 13. சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் 'மேகதூத்' நடவடிக்கை தொடங்கிற்று. பிலாஃபோண்ட் லா கணவாயில் 29 வீரர்களைச் சீட்டாக்கள் இறக்கின. அதற்கு 17 தடவை பறக்க வேண்டியிருந்தது! ஒரு பயணத்துக்கு இருவர்கூட முழுமையாகக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேவு பார்க்கப் பிறந்த ஊர்தி அங்கே மண்ணெண்ணெய் சுமந்தது, மடல்கள் கொணர்ந்தது, பனிக்கடியில் உறைந்த கால்களோடு கிடந்தவரை மருத்துவமனை சேர்த்தது. மிக உயர்ந்த காவல்நிலைகளுக்கு ஒரு தடவையில் ஓரிரு எண்ணெய்க் கலங்களையே கொண்டுசெல்ல இயலும். கைக்குட்டை விரித்தாற்போன்ற இறங்குதளத்தில் சுழலியை நிறுத்தாமலே சில நொடிகள் தங்கித் திரும்ப வேண்டும். துணைக்கு இன்னொன்று உடன் பறக்கும். ஒன்று வீழ்ந்தால் செய்தி சொல்லவும் மீட்கவும் மற்றொன்று வேண்டுமல்லவா?

1986 நவம்பர் 1இல் தரைப்படைக்கெனத் தனி வான்பிரிவு அமைந்தபோது சேத்தக்கும் சீட்டாவுமே அதன் முதுகெலும்பாயின.

மாற்று எங்கே?

சீட்டாவின் வெற்றியே அதற்கு மாற்றுத் தேடும் அவசரத்தைத் தணித்துவிட்டது என்பது என் கருத்து. புத்தாயிரம் ஆண்டு பிறந்தபின், 197 வேவு உலங்கூர்திகளை அயல்நாட்டில் வாங்க முயன்றனர். தேர்வு முடிவை நெருங்கிய நிலையில் 2007இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. மீண்டும் தொடங்கிய ஒப்பந்தப்புள்ளி 2014இல் நீக்கப்பட்டது. உருசியாவின் 'காமோவ்' உலங்கூர்திகளை இந்தியாவிலேயே கட்டும் 2015ஆம் ஆண்டுத் திட்டமும் நிறைவேறவில்லை. 'சாம்பிள்' தைத்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரும் ஆர்டர் நின்றுபோவதைத் திருப்பூர் அறியும். அங்கே இழப்பு பணத்தோடு முடிந்துவிடும். இங்கோ, காத்திருந்த ஆண்டுகளில் முதிய ஊர்திகள் விழுந்து இளம் விமானிகள் மாண்டனர். பழைய சீட்டாவையும் சேத்தக்கையும் பறக்கவிடாது நிறுத்துமாறு விமானிகளின் மனைவியர் 2015இல் பாதுகாப்பு அமைச்சரையே நேரில் கண்டு முறையிட்டனர்.

செல்வமிக்க அமெரிக்காவும் இத்துறையில் தடுமாறியது. பகைவரின் ராடாருக்குப் புலப்படாத 'கமாஞ்சி' வேவு உலங்கூர்திக்கு ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவிட்டபின், இரண்டே மாதிரிகளோடு 2004இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த முயற்சியையும் 2024இல் நிறுத்தியது. ஆளில்லா விமானங்களும் செயற்கைக்கோள்களும் வேவுப்பணியை ஏற்கத் தொடங்கியது இதற்கொரு காரணம். ஆனால், பார்ப்பதை மட்டுமே அவை ஏற்றன. நோயுற்ற வீரரைப் பனிமுகட்டிலிருந்து தூக்கிவர இன்றும் உலங்கூர்தியே செல்கிறது.

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தானே வடிவமைத்த இலகுரகப் பயன்பாட்டு உலங்கூர்தி 2016 செப்டம்பர் 6இல் பெங்களூரில் பறந்தது. அதன் எந்திரத்துக்குச் 'சக்தி' என்று பெயர். 2020இல் இலடாக்கின் தௌலத் பேக் ஓல்டியில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் அது சோதிக்கப்பட்டது. கர்நாடகத்தின் துமகூருவில் அதற்கான தொழிற்சாலை 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது படையணியில் முழுமையாக இடம்பெறும்வரை பனியாற்றின் மீது பறக்கும் பொறுப்பில் சீட்டாவின் வழிவந்த ஊர்திகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

கற்பவை கற்றபின்...

உங்கள் பகுதியில் முன்னாள் படைவீரர் இருப்பின், உயர்மலைப் பணியில் உணவும் மடலும் எவ்வாறு வந்துசேர்ந்தன எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

சேத்தக், கிருஷக், சாரங், துருவ் ஆகிய பெயர்களின் பொருளை அறிந்து, ஒரு வேவு ஊர்திக்குப் பொருத்தமான தமிழ்ப்பெயர் ஒன்றைக் காரணத்துடன் பரிந்துரைக்க.