சாவித் தவளைக்குள் ஓர் அறிவியல் பாடம்

ஏழாம் வகுப்பில் ஆற்றல் மாற்றம் பற்றிப் பேசத் தொடங்கும் நாளில், திருவிழாக் கடையில் வாங்கிய சாவித் தவளை ஒன்றை மேசைமேல் குதிக்க விடுவேன். "உள்ளே என்ன இருக்கும்? திறக்காமலே வரையுங்கள்" என்பதுதான் முதல் பணி.

பாட்டரி, காந்தம், ரப்பர் பேண்டு எனப் பல படங்கள் வரும். எதையும் தவறு என்று சொல்வதில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்பேன். சாவி திருகத் திருக ஏன் இறுகுகிறது? திருகும்போது கால்கள் ஏன் அசைவதில்லை? ஓடும்போது 'கர்ர்' என்ற ஒலி எங்கிருந்து வருகிறது? படங்கள் மெல்ல மாறத் தொடங்கும்.

தேர்வில் இரண்டு வரிக்குமேல் எழுதாத மாணவன் ஒருவன் இரண்டாம் கேள்விக்கு எழுந்தான். "சைக்கிள்ல பின்னால மிதிச்சா சக்கரம் சுத்தாது இல்ல டீச்சர், அது மாதிரி" என்றான். அவன் அப்பா சைக்கிள் பழுது பார்ப்பவர். அன்று ஃப்ரீவீலை வகுப்புக்கு விளக்கியவன் அவன்தான்.

பிறகு திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே கண்டவை:

1. சுருள்வில்: தட்டையான எஃகுப் பட்டை. கை செய்த வேலை இதில் மீட்சி நிலை ஆற்றலாகச் சேர்கிறது.

2. பற்சக்கரங்கள்: 40 பற்கள் கொண்ட சக்கரம் 10 பற்கள் கொண்டதைச் சுழற்றினால், சிறியது 4 மடங்கு வேகமாகச் சுழலும். அப்படி இரண்டு இணைகள் இருந்தால் 16 மடங்கு. வேகம் கூடும்போது சுழற்றும் திறன் குறைகிறது. பற்களை மாணவர்களே எண்ணட்டும். கணக்குப் பாடத்தின் விகிதம் கைக்கு வந்துவிடும்.

3. நகரும் அச்சு: சாவி திருகும்போது ஒரு சக்கரம் தன் பள்ளத்தில் விலகி நிற்கிறது, விட்டதும் மீண்டும் பொருந்துகிறது. மாணவன் சொன்ன ஒருவழி இயக்கம் இதுவே.

4. வேகத்தடை: கடைசிச் சக்கரத்தின் பற்களில் சிறு துண்டு ஒன்று மாறி மாறித் தட்டுகிறது. 'கர்ர்' ஒலி அதுதான். இது இல்லையேல் சேர்த்த ஆற்றல் முழுவதும் நொடியில் தீர்ந்துவிடும். சாவிக் கடிகாரத்தின் 'டிக் டிக்' ஒலிக்கும் இதே போன்ற அமைப்புதான் காரணம்.

ஓர் எச்சரிக்கை. முதல் முறை, முறுக்கு இறங்காத பொம்மையைத் திறந்து, வில் தெறித்து என் விரலில் கீறிவிட்டது. முறுக்கு முழுவதும் இறங்கிய பின்னரே, ஆசிரியர் கையாலேயே திறக்க வேண்டும். வில் உள்ள அறையைப் பிரிக்க வேண்டாம்.

நிறைவாக மீண்டும் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். முதல் படத்தையும் இரண்டாவதையும் அருகருகே வைத்தால் போதும். மதிப்பீட்டுக்குத் தனி வினாத்தாள் தேவைப்படாது. அந்த மாணவனின் இரண்டு படங்களும் இன்றும் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கின்றன.