தரிசில் ஏறும் முள்: கரிசல் சம்சாரிகள் கவனத்துக்கு

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் மானாவாரி நிலம், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படுவது. இங்கே பக்கத்துக் காடு தரிசாகக் கிடந்தால் நமக்கென்ன என்று இருந்த சம்சாரிகள் பலர், அந்தத் தரிசினாலேயே தங்கள் காட்டையும் விதைக்கத் தயங்குகிறார்கள். தரிசில் ஏறிய சீமைக்கருவேல்தான் காரணம். வேலிக்கருவை என்பதும் இதுவே.

இது நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து 1877-ல் இந்தியாவுக்கு வந்தது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலும் பரப்பப்பட்டது. அருப்புக்கோட்டை வட்டாரம் 1985 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

வந்தவுடனே அது ஊரை வளைத்துவிடவில்லை. கண்மாயில் கரம்பை வெட்டி வண்டி வண்டியாகக் காட்டுக்கு அடித்த காலத்தில், உள்வாயில் முள் நிலைக்க வழியில்லை. வரத்துக்கால் வெட்டுவது ஊர்ப் பொதுவேலையாக இருந்தது. உர மூட்டை வந்ததும் கரம்பையைத் தேடுவோர் குறைந்தனர். பம்புசெட் வைத்தவர்கள் கண்மாயை எதிர்பார்க்கவில்லை. இளவட்டங்கள் மில்லுக்கும் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கும் போனார்கள். கண்மாயில் வண்டல் ஏறியது. ஏறிய வண்டலில் முள் ஏறியது.

விதையைப் பரப்பியவை ஆடு மாடுகள். இலையைத் தொடாத ஆடு, பழுத்த நெற்றை ஆசையோடு தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். மேல்தோல் இளகியிருப்பதால் சீக்கிரம் முளைக்கும். எருவுக்காகக் கிடை அமர்த்திய காட்டிலேயே முள் முளைத்த விந்தை இப்படி நேர்ந்ததுதான்.

முள் அடர்ந்தால் காட்டுப்பன்றி பகலில் அதில் படுத்துக்கொள்ளும். இரவில் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் அழிக்கும். இரண்டு வருடம் நஷ்டப்பட்ட சிறு விவசாயி மூன்றாம் வருடம் விதைப்பதில்லை. அவர் காடும் தரிசு. அதிலும் முள். பன்றிக்கு இன்னும் கொஞ்சம் மறைவிடம். ஒருவர் விட்ட நிலம் அடுத்தவரையும் விடச் செய்கிறது.

ஆனாலும் இந்த மரம் பலருக்குச் சோறும் போடுகிறது. மழை பொய்த்த வருடங்களில் விறகு வெட்டியும் கரிமூட்டம் போட்டும் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, ஆக்சிஜனே விடாது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. உண்மையான குற்றம் ஆழ வேரோடுவதும், வேறு செடியை வளரவிடாததுமே. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தென்மாவட்ட நீர்நிலைகளில் முள் அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது. அவ்வாண்டே அது நிறுத்தியும் வைக்கப்பட்டது. வெட்டியதோடு விட்ட இடங்களில் தூர் மறுபடி துளிர்த்தது.

வெட்டினால் மட்டும் போதாது. தூரைச் சுற்றி முக்கால் அடி தோண்டி, வேர் பிரியும் கழுத்துக்குக் கீழே அறுக்கவேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சிறு கன்றுகளைக் கையாலேயே வேரோடு பிடுங்கலாம். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் முளைக்கும். ஆகவே சுத்தம் செய்த நிலத்தைச் சும்மா போடக்கூடாது. அவ்வருடமே குதிரைவாலியோ தீவனச் சோளமோ நெருக்கி விதைக்கவேண்டும். மேய்ச்சலுக்கு விடுவதானால் கொழுக்கட்டைப் புல் ஏற்றது. முள்வேலிக்குப் பதில் கிளுவைப் போத்து நடலாம்.

ஆடு வைத்திருப்போர் நெற்றைப் பொறுக்கி, விதையும் நொறுங்கும்படி அரைத்துக் கொடுக்கலாம். நல்ல தீவனம்தான். ஆனால் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மேய்ச்சலில் நெற்றுத் தின்ற ஆட்டை ஒரு வாரம் பட்டியில் அடைத்த பிறகே கிடைக்கு விடவேண்டும்.

செலவுதான் பெரிய தடை. முள்ளைக் கரிமூட்டக்காரரிடம் விடும்போது பலர் விலையை மட்டும் பேசுகிறார்கள். அவர் மரத்தை எடுத்துக்கொண்டு தூரை விட்டுப் போய்விடுகிறார். விலையில் கொஞ்சம் குறைந்தாலும், தூரும் எடுத்துத் தரவேண்டும் என்று முதலிலேயே பேசி முடிப்பது இலாபம். அடுத்த காட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் அவரையும் கலந்து, இரண்டு காட்டையும் ஒன்றாக விடலாம். கோடையில் தொடங்கினால் புரட்டாசி உழவுக்கு நிலம் தயாராகிவிடும். கண்மாய் முள் தனியார் சொத்தல்ல. அங்கே ஊராட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டுதான் கைவைக்க வேண்டும். கரம்பை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும்.