சர்வர்களில் பெட்டக மென்பொருளைத் தானே நிறுவும் முறை

மும்பையில் செம்பூருக்கு அண்மையிலுள்ள டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. பல கணிப்பொறிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் 'அனுபம்' அமைப்புகள் இங்கு உருவாக்கப்பட்டன. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் ஏராளமான சர்வர்களில் மென்பொருளை நிறுவப் பயன்பட்ட 'குவாட்டர்' என்னும் கருவித் தொகுதியை மேம்படுத்துவதிலும் இந்நிலையத்தார் பங்கு கொண்டனர். அத்தகைய கருவி ஏன் தேவைப்பட்டது?

ஒரு சர்வரில் மென்பொருளை நிறுவக் கால் மணி நேரம் ஆகுமெனக் கொள்வோம். நாற்பது சர்வர்களுக்குப் பத்து மணி நேரம் ஆகும். காலம் வீணாவது சிறு நட்டமே. பதினேழாவது சர்வரில் மட்டும் பழைய பதிப்பு நுழைந்துவிட்டால், ஒரே கணக்கிற்கு இருவேறு விடைகள் வரக்கூடும். பிழை எங்குள்ளது என்று கண்டறிதல் அரிது.

பெட்டகம் என்பது யாது?

1989-இல் செயற்படத் தொடங்கிய நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் கப்பலுக்கும் லாரிக்கும் பொருந்தும் ஒரே அளவான சரக்குப் பெட்டகங்களைக் காணலாம். அதுபோன்றே, ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான துணைக்கோப்புகளையும் ஒன்றாகக் கட்டி, எந்தச் சர்வரிலும் இயங்கச் செய்வதே மென்பொருட் பெட்டகமாகும். 2013-இல் வெளியான 'டாக்கர்' இம்முறையைப் பரவச் செய்தது. ஆயினும், டாக்கரை முதலில் ஒவ்வொரு சர்வரிலும் நிறுவியாக வேண்டும்.

நிறுவும் முறை

இதற்கு, 2012-இல் வெளிவந்த 'ஆன்சிபிள்' போன்ற கருவிகள் பயன்படுகின்றன.

1. சர்வர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதுக.
2. இருக்கவேண்டிய நிலையை மற்றொரு கோப்பில் குறிக்க: நம்பத்தக்க களஞ்சியத்தின் சாவி, டாக்கரின் திட்டமான பதிப்பு எண், சேவை இயங்கும் நிலை.
3. கருவியை இயக்குக. அது ஒவ்வொரு சர்வரையும் சோதித்து, குறையுள்ளதை மட்டும் நிறைவு செய்யும். மறுமுறை இயக்கினால், மாற்றம் ஒன்றும் நிகழலாகாது. இதுவே கோப்பு செவ்வனே எழுதப்பட்டதற்கு அடையாளம்.

எச்சரிக்கை

கையால் செய்யும் பிழை ஒரு சர்வரைக் கெடுக்கும். கோப்பிலுள்ள பிழையோ நாற்பதையும் ஒருங்கே கெடுக்கும். ஆகவே முதலில் ஒரு சர்வரிலும், பின்னர் ஐந்திலும், இறுதியில் எஞ்சியவற்றிலும் இயக்குதல் வேண்டும். மேலும், டாக்கர் குழுவில் சேர்க்கப்படுபவர் சர்வர் முழுவதையும் ஆளும் அதிகாரம் பெறுகிறார். தேவையற்றோரைச் சேர்த்தல் கூடாது.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் உள்ள மூன்று கணிப்பொறிகள் இருப்பின், ஒன்றிலிருந்து மற்ற இரண்டில் இதனைச் செய்து காட்டலாம். இரண்டாம் முறை இயக்குகையில் மாற்றம் ஏன் நிகழவில்லை என்பதை மாணவர்களே விளக்குமாறு ஆசிரியர்கள் கேட்டல் நலம்.